கதவைத் திறந்தால் மட்டும் போதாது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்று போயா விடுமுறை தினமுங்கூட. காலையில் கடல் கரையேறி வந்து திரும்பிய பின்னர், அடுத்து வந்த நாட்களில் பத்திரிகை அலுவலகங்களுக்குச் செய்திகளிலும் பார்க்கப் பெயர்களே அதிகமாக வந்து குவிந்தன. காணாமற் போனவர்களின் பெயர்கள். தொலைநகலில் சில, தொலைபேசியில் சில, கையால் எழுதிய துண்டுக் கடதாசிகளில் பல. ஒரே பிள்ளையின் பெயர் மூன்று பட்டியல்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். தாய் ஒரு முகாமில் இருப்பார். மகன் இன்னொரு முகாமில் இருப்பான். இருவரின் பெயர்களும் வெவ்வேறு கடதாசிகளில் இருக்கும். அவ்விரண்டு கடதாசிகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்கு எவருக்கும் நேரமிருக்கவில்லை. அதற்கான வழியும் இருக்கவில்லை.

இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசல்களை இழந்து இடம்பெயர்ந்தனர். அந்த நாட்களில், கொழும்பில் மென்பொருள் பொறியியலாளர்கள் சிலர் ஒன்றுகூடி, மேலே சொன்ன கடதாசிகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கக்கூடிய ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினர். எவரும் அவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தவில்லை. தத்தமது நிறுவனங்களில் விடுப்புப் பெற்று வந்த தொண்டர்கள் அவர்கள். சுமார் மூன்று வாரங்களில் அந்த மென்பொருள் உருப்பெற்றது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சஹானா’. நிவாரணம், ஆறுதல் என்னும் பொருள்தரும் சிங்களச் சொல் அது.

சஹானாவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நான் எழுத விரும்புவது அதனுள் அடங்கியிருக்கும் வேறொரு கேள்வியைப் பற்றியது. ஒரு பொதுப்பணிக்கு வெளியாரை எவ்வாறு அழைப்பது? வந்தவரை எவ்வாறு நிலைக்கச் செய்வது? திறந்த மூல மென்பொருளின் நாற்பது ஆண்டு வரலாறு முழுவதும் இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது.

மூலம் என்பது யாது?

கணினித் துறையில் இல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எமது தலைமுறையினர் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துகளைக் கோத்தே பக்கங்கள் ஆக்கப்பட்டன. அச்சாகி வந்த பத்திரிகையை எவரும் வாசிக்கலாம். ஆனால் அதிலுள்ள ஒரு பிழையைத் திருத்த வேண்டுமானால், எழுத்துகளைக் கோத்து வைத்த அந்தப் படிவம் கையில் இருக்க வேண்டும். மென்பொருளும் அப்படித்தான். நாம் விலைக்கு வாங்கும் மென்பொருள் அச்சாகி வந்த பத்திரிகையைப் போன்றது. அதனை ஆக்கியவர்கள் எழுதிய மூல நிரல்தான் படிவம். அதனைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியே விடுவதில்லை. அதனையும் சேர்த்துப் பொதுவில் வைத்து, எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம் என உரிமை கொடுப்பதே திறந்த மூலம் எனப்படுகிறது.

இதற்கு அத்திபாரம் இட்டவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்ரோல்மன். 1983ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்து, முற்றிலும் சுதந்திரமான ஓர் இயங்குதளத்தை எழுதப்போவதாகவும் அதற்கு மற்றவர்களின் உதவி தேவை எனவும் அவர் கேட்டுக்கொண்டார். 1985இல் அதற்கென ஓர் அறக்கட்டளையையும், 1989இல் ‘ஜி.பி.எல்.’ எனப்படும் உரிமப் பத்திரத்தையும் அவர் உருவாக்கினார். சட்ட அடிப்படையில் கதவு அப்போதே திறந்துவிட்டது. ஆயினும் கதவு திறந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஆட்கள் உள்ளே வந்துவிடுவதில்லை.

பின்லாந்து மாணவர் செய்தது

1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் ரோவால்ட்ஸ், இணையத்தின் செய்திக் குழு ஒன்றில் சிறிய அறிவித்தல் ஒன்றை இட்டார். தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அதில் என்னென்ன வசதிகள் வேண்டும் என மற்றவர்கள் கருதுகிறார்கள் என்பதை அறிய விரும்புவதாகவும் அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். அடுத்த மாதம் அவர் வெளியிட்ட முதற் பதிப்பில் சுமார் 10,000 வரிகளே இருந்தன. அதுவே லினக்ஸ்.

அவரிலும் அனுபவம் மிக்க நிரலாளர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். அவரிடம் இருந்த சிறப்பு வேறு. முடிந்த பொருளை அவர் ஊருக்குக் காட்டவில்லை. முடியாத பொருளைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். பிழையைச் சுட்டியவருக்குப் பதில் எழுதினார். திருத்தம் அனுப்பப்பட்டால், அது பயனுள்ளதாயின் தாமதமின்றிச் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டார். நேற்று அனுப்பிய திருத்தத்தைச் சில நாட்களில் தம் கணினியிலேயே ஓடக் காணும் ஒருவர் மறுபடியும் எழுதாமல் இருப்பாரா? பங்களித்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கோப்பு ஒன்றும் பின்னர் அம்மென்பொருளுடனேயே சேர்ந்து வெளிவந்தது.

1995இல் நிகழ்ந்த அப்பாச்சியின் கதை இதற்குச் சற்று மாறானது. இணையத்தளங்களை வழங்கும் சேவையக மென்பொருளொன்றை அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலுள்ள ஓர் ஆய்வு மையம் எழுதியிருந்தது. அதனை எழுதியவர் 1994இல் அங்கிருந்து விலகிச் சென்றதும் அது கவனிப்பாரற்றுப் போயிற்று. அதனைப் பயன்படுத்திவந்தவர்கள் தத்தமது திருத்தங்களைத் தாமே பரிமாறிக்கொண்டனர். அவர்களுள் எட்டுப் பேர் ஒரு குழுவாகினர். அக்குழு ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியது. வெளியார் ஒருவர் தொடர்ந்து நல்ல திருத்தங்களை அனுப்பி வருவாரானால், உள்ளவர்கள் வாக்களித்து, மூல நிரலில் நேரடியாக எழுதும் உரிமையை அவருக்கே கொடுத்துவிடுவது என்பதே அது. எங்கே படித்தார், எந்த நாட்டவர் என்பதல்ல, என்ன செய்து காட்டினார் என்பதே அங்கே கேட்கப்பட்டது. வெளியார் உள்ளாராகும் பாதை முதன்முறையாக ஓர் ஒழுங்குக்குள் வந்தது எனலாம்.

நெட்ஸ்கேப் கற்ற பாடம்

கதவைத் திறந்தும் ஆட்கள் வராத கதையும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் இணையம் பார்த்தவர்களுக்கு நெட்ஸ்கேப் உலாவியை நினைவிருக்கும். மைக்ரோசொப்ட் தனது உலாவியை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் நெட்ஸ்கேப் ஆட்டங்கண்டது. எரிக் ரேமண்ட் என்பவர் 1997இல், லினக்ஸ் வளர்ந்த விதத்தைச் சந்தைக்கு ஒப்பிட்டு எழுதிய கட்டுரையொன்று அந்நிறுவனத்தாரின் சிந்தனையைத் தூண்டிற்று. 1998 ஜனவரியில் தமது மூல நிரலை வெளியிடப்போவதாக அறிவித்து, மார்ச் 31ஆம் திகதி அவ்வாறே வெளியிட்டனர். ‘திறந்த மூலம்’ என்னும் பெயரே அவ்வறிவிப்பை அடுத்துப் பெப்ரவரியில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில்தான் பிறந்தது. அப்பெயரை முன்மொழிந்தவர் கிறிஸ்ரீன் பீற்றர்சன் என்னும் பெண்மணி.

உலகெங்குமிருந்து நிரலாளர்கள் திரண்டு வருவர் என எதிர்பார்த்தனர். அவ்வாறு நிகழவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 1999 மார்ச் 31ஆம் திகதி, அத்திட்டத்தைத் தொடக்கிவைத்தோரில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி பதவி விலகினார். வெளியாரின் பங்களிப்பு மிகச் சொற்பமாகவே இருந்தது எனவும், வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நிறுவன ஊழியர்களே எனவும் அவர் வெளிப்படையாக எழுதினார். அவர் கூறிய காரணங்கள் கவனிக்கத்தக்கவை. நிரல் அளவுக்கு மீறிப் பெரிதாகவும் சிக்கலாகவும் இருந்தது. வெளியிடப்பட்டதில் முக்கிய பகுதிகள் சில இல்லாதிருந்தமையால், மக்கள் அன்றாடம் பயன்படுத்திய உலாவியை அதிலிருந்து அப்படியே உருவாக்க முடியவில்லை. ஒரு சிறு மாற்றம் செய்து அதன் பலனை உடனே காணும் வாய்ப்பு வெளியாருக்குக் கிட்டவில்லை.

அந்த நிலைமை மாற ஆண்டுகள் பல சென்றன. பழைய நிரலின் பெரும்பகுதி கைவிடப்பட்டுப் புதிதாக எழுதப்பட்டது. மொஸில்லாவின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2002 ஜூனில். 2003 ஜூலையில் அது இலாப நோக்கற்ற தனி அமைப்பாயிற்று. 2004 நவம்பர் 9ஆம் திகதி பயர்பொக்ஸ் 1.0 வெளியானபோது நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்க்கும் அங்கே வேலை இருந்தது. பிழைகளை அறிவிக்கலாம், மொழிபெயர்க்கலாம், அயலவருக்கு அறிமுகஞ் செய்யலாம். அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பக்க விளம்பரம் ஒன்று வெளிவந்தது. அதற்குப் பணம் கொடுத்த சுமார் 10,000 சாதாரண பயனாளர்களின் பெயர்கள் அதிலே நெருக்கி அச்சிடப்பட்டிருந்தன.

இதனை வாசித்தபோது எனக்கு எமது பிரதேச நிருபர்கள் நினைவுக்கு வந்தனர். தமிழ்ப் பத்திரிகைகள் ஊர்ச் செய்திகளுக்கு நம்பியிருந்தது அவர்களைத்தான். ஆசிரியர், தபாலதிபர், சங்கக் கடைக் காரியதரிசி எனப் பிற தொழில் பார்த்துக்கொண்டே செய்தி எழுதியவர்கள். பெரும்பாலும் தபாற் செலவுக்கும் காணாத கொடுப்பனவு. நான் இளைஞனாக இருந்தபோது ஒரு பத்திரிகைக்கு ஆறு செய்திகள் அனுப்பினேன், ஒன்றும் வெளிவரவில்லை, ஏன் வரவில்லை என ஒரு வரியும் வரவில்லை. ஏழாவதை நான் அனுப்பவில்லை. பின்னர் வேறொரு பத்திரிகையின் செய்தி ஆசிரியர், நான் அனுப்பிய செய்தியைப் பாதியாகக் குறைத்துப் பிரசுரித்து, எதனை வெட்டினேன், ஏன் வெட்டினேன் என ஒரு தபாலட்டையில் எழுதியனுப்பினார். அந்தத் தபாலட்டைதான் என்னை இத்தொழிலுக்குள் கொண்டுவந்தது. மென்பொருள் திட்டங்களிலும் வெளியாரை நிலைக்கச் செய்வது இத்தகைய தபாலட்டைதான். நிராகரிப்பதில் தவறில்லை, பதில் எழுதாமல் விடுவதுதான் தவறு.

மூன்று வாரத்துக்குப் பின்

இனிச் சஹானாவுக்கு வருவோம். லங்கா மென்பொருள் மன்றம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2003ஆம் ஆண்டிலேயே கொழும்பில் நிறுவப்பட்டிருந்தது. இந்நாட்டு நிரலாளர்களை உலகத் திறந்த மூலத் திட்டங்களில் பங்குபற்றச் செய்வது அதன் நோக்கம். அதனை நிறுவுவதில் முன்னின்ற கலாநிதி சஞ்ஜீவ வீரவர்ண, அப்பாச்சித் திட்டங்களில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். கடல்கோள் வந்தபோது, வெளியாரோடு சேர்ந்து வேலை செய்யும் முறையை அறிந்த சிலர் இந்நாட்டில் இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சஹானாவில் காணாமற் போனோர் பதிவேடு, நிவாரண அமைப்புகளின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, எங்கே என்ன தேவை என்பதைக் கூறும் பதிவேடு என நான்கு முக்கிய பகுதிகள் இருந்தன. எந்த அமைப்பு எங்கே நிற்கிறது எனத் தெரியாத காரணத்தால் ஓர் ஊருக்கு மூன்று லொறி உடுப்பும் அடுத்த ஊருக்கு ஒன்றுமில்லாமலும் போவதைத் தடுப்பதே அவற்றின் பயன். நிவாரணப் பணிக்கென அரசு அமைத்த தேசிய செயற்பாட்டு மையத்தில் அது பயன்படுத்தப்பட்டது.

ஆனால் அவசரத்தில் கூடிய கூட்டம் அவசரம் தணிந்ததும் கலைவது இயல்பு. சிரமதானத்துக்கு வந்தவர்கள் மாலையில் மண்வெட்டியைத் தோளில் வைத்து வீடு திரும்புவதைப் போல, மூன்று வாரம் இரவு பகலாக உழைத்தவர்கள் தத்தமது அலுவலகங்களுக்குத் திரும்ப வேண்டியவர்களாயினர். அவர்கள் அவசரத்தில் எழுதிய நிரலோ, எழுதியவர்களுக்கு மட்டுமே விளங்கக்கூடியதாக இருந்தது. சஹானா அங்கேயே முடிந்திருக்கலாம்.

முடியவில்லை என்பதுதான் இக்கதையின் சிறப்பு. சுவீடனின் அபிவிருத்தி உதவி நிறுவனத்தின் நிதியுதவியுடன், சமிந்திர டி சில்வாவின் தலைமையில் ஒரு சிறு குழு அதனைப் புதிதாக எழுத முற்பட்டது. வெளியார் ஒருவர் முழுவதையும் கற்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுத்து வேலை செய்யும் வகையில் அது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. 2005 ஒக்டோபரில் பாக்கிஸ்தானில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போது அந்நாட்டின் தேசிய பதிவு அதிகார சபையும், 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸில் மண்சரிவு நிகழ்ந்தபோது அந்நாட்டு அதிகாரிகளும் அதனைப் பயன்படுத்தினர். அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்தின் பின்னரும், 2010 ஜனவரியில் ஹெயிற்றியிலும் அது பணியாற்றியது. சமூக நலனுக்கான திட்டத்துக்கென ஸ்ரோல்மனின் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்குச் சஹானாவுக்கே கிடைத்தது.

அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிலுள்ள ட்ரினிற்றிக் கல்லூரியின் மாணவர்கள் 2006 முதல் சஹானாவில் வேலை செய்யத் தொடங்கினர். அவர்கள் எழுதிக் கொடுத்த பகுதி, அனர்த்த காலத்தில் உதவிக்கு வரும் தொண்டர்களைப் பதிவுசெய்து வேலை பகிர்ந்தளிக்கும் பகுதியாகும். தொண்டர்களை ஒழுங்குபடுத்தும் நிரலைத் தொண்டர்களே எழுதினார்கள். இலங்கைக் கரையைக் கண்டிராத இளைஞர்கள், இங்கே பிறந்த வேலையொன்றைத் தங்கள் வேலையாக ஏற்றுக்கொண்டார்கள்.

மொறட்டுவையின் இடம்

இதற்கு எதிர்த்திசையிலும் பாதை திறந்தது. 2005ஆம் ஆண்டு கூகிள் நிறுவனம் ‘சமர் ஒஃப் கோட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு வேலை செய்யும் மாணவருக்கு அவ்வாண்டில் 4,500 அமெரிக்க டொலர் கொடுக்கப்பட்டது. பணத்திலும் பார்க்க முக்கியமானது வேறொன்று. ஒவ்வொரு மாணவருக்கும் அந்தத் திட்டத்தின் மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக நியமிக்கப்பட்டார். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்குப் பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவர் இருந்தார். நான் மேலே சொன்ன தபாலட்டையை ஓர் ஏற்பாடாகவே ஆக்கிவிட்டனர் எனலாம்.

முதற் பத்தாண்டுகளின் கணக்கை 2014இல் பார்த்தபோது, உலகிலேயே அதிக மாணவர்களை அத்திட்டத்துக்கு அனுப்பிய பல்கலைக்கழகமாக மொறட்டுவைப் பல்கலைக்கழகம் முதலிடத்தில் நின்றது. அங்கிருந்து தெரிவானவர்கள் 320 பேர். பெரும் நாடுகளின் பெரும் பல்கலைக்கழகங்களை இச்சிறு தீவின் ஒரு பல்கலைக்கழகம் பின்தள்ளியது எவ்வாறு? மாணவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஓர் ஆண்டு தெரிவானவர் அடுத்த ஆண்டு தமக்குப் பின்வந்தவருக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுப்பார். முன்னே சென்றவர் திரும்பிப் பார்த்துப் பின்வருபவருக்குக் கைகொடுக்கும் வழக்கம் இல்லாமல் இத்தகைய எண்ணிக்கை வருவதில்லை. அத்திட்டம் 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களுக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது.

களைத்த காவலாளி

வெளியாரை வரவேற்பதில் ஆபத்தே இல்லை என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. 2024 மார்ச் 29ஆம் திகதி வெளிவந்த ஒரு செய்தி கணினி உலகை அதிரவைத்தது. எக்ஸ்-இசட் எனப்படும், கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருளொன்று உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதனை ஆண்டுக் கணக்காகத் தனியொருவரே சம்பளமின்றிப் பராமரித்து வந்தார். அவர் களைத்துப்போயிருந்த வேளையில், ‘ஜியா ரான்’ என்னும் புனைபெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டாண்டுகளுக்கும் மேலாக ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை பெற்றார். உரிமை கைக்கு வந்தபின், கணினிகளுக்குள் களவாகப் புகுவதற்கான வழியொன்றை அதனுள் மறைத்து வைத்தார்.

அதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்ரெஸ் ப்ரொயின்ட் என்னும் பொறியியலாளர். தொலைவிலுள்ள கணினியில் நுழையும்போது வழமையிலும் அரை விநாடி கூடுதலாகச் செல்கிறதே என ஐயுற்று அவர் துருவிப் பார்த்தார். மூல நிரல் திறந்திருந்தமையாலேயே அவரால் அடிவரை சென்று பார்க்க முடிந்தது.

வெளியாரை நம்பக்கூடாது என்பதற்குச் சிலர் இதனை உதாரணமாகக் காட்டினர். நான் வேறுவிதமாக நினைக்கிறேன். அங்கே வாசலில் ஒரேயொரு காவலாளிதான் நின்றார். அவருக்குத் துணையாக நான்கு பேர் முன்னரே வந்திருந்தால், ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்திருப்பார். உலகெல்லாம் பயன்படுத்தும் பொருளுக்கு உதவ, அதனைப் பயன்படுத்தியவர்களுள் எவரும் முன்வராததே அந்த வஞ்சகருக்கு வாய்ப்பாயிற்று. தொண்டர்களை அழைப்பது விருந்தினரை உபசரிப்பதற்காக மட்டுமன்று, வீட்டில் இருப்பவர் தனித்துச் சோர்ந்துபோகாமல் காப்பதற்காகவுமாகும்.

நம்மிடம் ஒரு கேள்வி

இறுதியாக, நமக்கு மிக அண்மையிலுள்ள ஓர் உதாரணம். பயர்பொக்ஸ் உலாவியில் பொதுத் தமிழ் மொழிபெயர்ப்போடு, ‘தமிழ் (இலங்கை)’ என்ற தனிப் பதிப்பும் ஒருகாலத்தில் மொழிப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. எமது வழக்குச் சொற்களில் ஓர் உலாவி கிடைத்தது தொண்டர்களின் உழைப்பால். இன்று அப்பட்டியலில் அது இல்லை. எத்தனை வாசகர்கள் அது இருந்ததை அறிவீர்கள்? அது இல்லாமற் போனதை எத்தனை பேர் அறிவீர்கள்?

மொழிபெயர்ப்புக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தாற் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒப்புநோக்காளர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களை எவரும் அழைக்கவில்லை. அழைத்தாலும் எங்கே தொடங்குவது எனக் காட்டவில்லை. இத்தகைய வேலையில் ஈடுபட்டுள்ள இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் திட்டத்தில் ஒரு நாளில் செய்து முடிக்கக்கூடிய சிறு வேலைகள் பத்தைப் பிரித்து வையுங்கள். ஒருவர் ஒன்றைச் செய்து அனுப்பினால் அன்றே பதில் எழுதுங்கள். ஏற்க முடியாவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். ஏற்றால் அவர் பெயரைப் போடுங்கள்.

கடல்கோள் நாட்களில் எனது மேசையில் கிடந்த அந்தப் பட்டியல்களை நான் மறக்கவில்லை. மறுபடியும் அப்படியொரு நாள் வரக்கூடாது என்றே மனம் விரும்புகிறது. வந்தால், அன்று கூடப்போகும் தொண்டர்கள் மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவேண்டிய நிலை இருக்கக்கூடாது. அதற்கான ஆட்களைச் சாதாரண நாட்களில்தான் சேர்க்க முடியும்.